அம்மா திருநெல்வேலியில், வேலை வர்ஜீனியாவில்: வெளிநாட்டுச் சொந்தமும் செக்யூரிட்டி கிளியரன்ஸும்

அமெரிக்காவில் கணினி, விமானம், செயற்கைக்கோள் என்று எந்தத் துறையில் வேலை தேடினாலும் சில விளம்பரங்களின் அடியில் ஒரு வரி கிடக்கும்: "செக்யூரிட்டி கிளியரன்ஸ் பெறத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும்." புதிதாகக் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் பலர் அந்த வரியைப் பார்த்ததுமே அடுத்த விளம்பரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள், தம்பி அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான், நமக்கெல்லாம் யார் கொடுக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. இன்னொரு சாரார், "குடியுரிமையே குடுத்துட்டான், இதையா குடுக்க மாட்டான்" என்று படிவத்தை அலட்சியமாக நிரப்பி மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் தப்புக்கணக்கு. வெளிநாட்டில் சொந்தபந்தம் உள்ள எத்தனையோ பேருக்குக் கிளியரன்ஸ் கிடைத்திருக்கிறது, கிடைக்காமலும் போயிருக்கிறது. எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பது ரகசியமில்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள்.

முதலில் கிளியரன்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அரசின் ரகசியத் தகவல்களை இவர் பார்க்கலாம் என்று ஒருவருக்குக் கொடுக்கப்படும் அனுமதி அது. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று படிகள். குடிமக்களுக்குத்தான் உண்டு, கிரீன் கார்டு போதாது. நாமாகப் போய் விண்ணப்பிக்கவும் முடியாது. ரகசிய வேலையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனமோ அரசு அலுவலகமோ நம் பெயரை அனுப்ப வேண்டும். பின்புல விசாரணையைப் பெரும்பாலும் நடத்துவது பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் டிசிஎஸ்ஏ என்ற அமைப்பு. விசாரித்து வந்ததை எடைபோட ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. எஸ்.இ.ஏ.டி. 4 என்று பெயர். 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ளது. ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். கடன், குடி, போதை, குற்ற வழக்கு, பொய் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. நமக்கு வேண்டியது பி: வெளிநாட்டுச் செல்வாக்கு.

விசுவாசத்தைச் சோதிப்பதா இது?

"இருபது வருஷமா வரி கட்டுறேன், பிள்ளைங்க இங்கேதான் பிறந்துச்சு, என்னை நம்ப மாட்டானா?" கிளியரன்ஸ் பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் புண்படுவது இந்த இடத்தில்தான். ஆனால் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதிபர் ஐசன்ஹோவர் 1960இல் கையெழுத்திட்ட 10865ஆம் எண் நிர்வாக ஆணை, இந்த முடிவு விண்ணப்பதாரரின் விசுவாசத்தைப் பற்றிய தீர்ப்பு எந்த வகையிலும் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கிளியரன்ஸை மறுத்து எழுதும் தீர்ப்புகளில்கூட நீதிபதிகள் இதை நினைவூட்டுவதுண்டு.

அப்படியானால் எதைத்தான் பார்க்கிறார்கள்? உங்கள் அன்புக்குரிய ஒருவரைக் காட்டி யாராவது உங்களை மிரட்டவோ மயக்கவோ வழி இருக்கிறதா என்பதை. அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவர் நல்ல மகன்தான். ஆனால் மிரட்ட வருபவனுக்கு அந்தப் பாசம்தான் பிடி. ஆகவே ஒருவர் நல்லவர் என்று நிரூபிப்பதால் இந்தத் தலைப்பு முடிந்துவிடாது. சில சமயம் நல்லவராக இருப்பதே சிக்கலைக் கூட்டும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. சின்ஜியாங்கைச் சேர்ந்த உய்குர் பத்திரிகையாளர் குல்செஹ்ரா ஹோஜா அமெரிக்காவில் ரேடியோ ஃப்ரீ ஏஷியாவில் வேலை பார்த்தவர். 2018 தொடக்கத்தில் ஊரில் அவருடைய உறவினர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களைச் சீன அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். லண்டனில் பிபிசியின் பாரசீகச் சேவையில் பணிபுரிபவர்களின் குடும்பத்தாரை ஈரான் அரசு கூப்பிட்டு விசாரிப்பதும் துன்புறுத்துவதும் பல ஆண்டுகளாக நடக்கிறது. இவர்கள் கையில் எந்த ராணுவ ரகசியமும் இல்லை. செய்தி சொன்னதற்கே இந்தப் பாடு. ராணுவ ரகசியம் கையில் இருப்பவரின் தாயாரோ தங்கையோ அந்த ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அதிகாரியின் கவலை.

மிரட்டல் மட்டும்தான் வழி என்றில்லை. அன்பாகவும் கறப்பார்கள். ஈராக்கின் எர்பிலில் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த மரியம் தாம்ப்சன் லெபனானில் பிறந்து அமெரிக்கக் குடிமகளானவர், டாப் சீக்ரெட் கிளியரன்ஸ் உள்ளவர். செல்போன் வீடியோ அழைப்பில் பழகிய ஒரு லெபனான்காரரிடம் மனதைப் பறிகொடுத்தார். அந்த ஆளுக்கு ஹெஸ்புல்லாவோடு தொடர்பு. அமெரிக்காவுக்குத் தகவல் தந்துகொண்டிருந்தவர்களின் பெயர்களையே அவரிடம் கொடுத்துவிட்டார். 2021இல் 23 ஆண்டு சிறைத் தண்டனை. சொந்தம் என்றால் ரத்த சொந்தம் மட்டுமில்லை, பாசம் எங்கே இருந்தாலும் அதிகாரி கேட்பார் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரு திருநெல்வேலிக்காரரின் படிவம்

விதிகளை மொட்டையாகச் சொன்னால் தலையில் ஏறாது. ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். வயது 38. திருநெல்வேலியில் பிறந்து, டெக்ஸாஸில் மேற்படிப்பு படித்து, வேலை, கிரீன் கார்டு, குடியுரிமை என்று வழக்கமான பாதையில் வந்தவர். இப்போது வர்ஜீனியாவில் கிளவுட் பொறியாளர். அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டில். தம்பி மகேந்திரகிரியில், இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை வளாகத்தில் விஞ்ஞானி. மனைவி கோயம்புத்தூர்க்காரர், இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார். ஊரில் அப்பா பெயரும் இவர் பெயருமாகக் கூட்டுப் பட்டாவில் கொஞ்சம் நிலம், ஒரு என்ஆர்இ கணக்கு, மாதாமாதம் அப்பாவுக்கு அனுப்பும் பணம். வாட்ஸாப்பில் குடும்பக் குழு, ஞாயிறு தவறாமல் வீடியோ கால்.

இவர் நிரப்ப வேண்டியது எஸ்.எஃப். 86 என்ற படிவம். நூறு பக்கத்துக்கு மேல் போகும். சம்பந்தம் பேசுவதற்கு முன் பெண் வீட்டார் விசாரிப்பதைவிட நுணுக்கமாகக் கேட்பார்கள். 17ஆம் பிரிவு மனைவிக்கு. 18ஆம் பிரிவு உறவினர்களுக்கு: பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், மாமனார், மாமியார், வளர்ப்பு உறவும் மாற்றாந்தாய் உறவும் சேர்த்து, காலமானவர்கள் உட்பட. வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால் எங்கே வேலை, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பேசுகிறீர்கள், எதன் வழியாகப் பேசுகிறீர்கள், அவர்களுக்கு அரசோடோ ராணுவத்தோடோ உளவுத்துறையோடோ தொடர்பு உண்டா என்று தனித்தனியே வரும்.

பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா, அவர்களின் பிள்ளைகள் எல்லாம் 18ஆம் பிரிவில் வர மாட்டார்கள். அப்பாடா என்று விட்டுவிடக் கூடாது. பின்னாலேயே 19ஆம் பிரிவு வருகிறது: கடந்த 7 ஆண்டுகளில் பாசத்தாலோ கடமையாலோ இருவருக்கும் பொதுவான ஈடுபாடுகளாலோ உங்களோடு நெருங்கிய, தொடர்ச்சியான தொடர்பில் இருக்கும் வெளிநாட்டவர் யார் யார்? கல்யாணத்தில் பார்த்துத் தலையாட்டும் ஒன்றுவிட்ட அண்ணன் இதில் வர மாட்டார். படிப்புக்குப் பணம் கட்டி, வாரம் ஒருமுறை பேசி, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு நெருங்கிய சித்தப்பா கட்டாயம் வருவார். கல்லூரித் தோழர்களும் வரலாம். குடும்ப வாட்ஸாப் குழுவில் இருக்கும் நாற்பது பேரையும் எழுத வேண்டுமா என்றால் வேண்டாம். அதில் உங்களோடு உண்மையாகவே ஒட்டியிருக்கும் நான்கைந்து பேரை எழுத வேண்டும்.

20ஆம் பிரிவு சொத்து, தொழில், பயணம். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். வெளிநாட்டவர் யாருக்காவது பண உதவி செய்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அப்பாவுக்கு மாதம் அனுப்பும் பணத்தை உதவி என்று யாரும் நினைப்பதில்லை, அது பிள்ளையின் கடமை. அதனால் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். வங்கிப் பரிமாற்றத்தில் அது வரிவரியாகத் தெரியும். கூட்டுப் பட்டாவும் அப்படித்தான். "அது அப்பா நிலம், என் பேரு சும்மா இருக்கு" என்பதைப் படிவத்தில் எழுதிவிட்டே சொல்லலாம். எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு சொன்னால் வேறு மாதிரி தொனிக்கும்.

எடைபோடுவது எப்படி

இப்போது அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வெளிநாட்டில் தாய் தந்தை இருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் போதாது. எழுதியிருக்கும் விதி, அந்தத் தொடர்பால் 'கூடுதலான' ஆபத்து இருக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டில் சொந்தம் உள்ள எவருக்கும் சாதாரணமாக இருக்கக்கூடியதைவிட அதிகமான ஆபத்து. அது இருக்கிறதா என்று பார்க்க மூன்று திசைகளிலிருந்து பார்க்கிறார்.

ஒன்று, உறவு எவ்வளவு நெருக்கம். பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் என்றால் பாசமும் கடமையும் இருக்கும் என்று முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். "எனக்கும் அண்ணனுக்கும் பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்லை" என்றால் அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். மனைவி வழிச் சொந்தத்துக்கும் இதே அனுமானம்தான்: மாமனாரோடு உங்களுக்குப் பாசம் இல்லாவிட்டாலும் மனைவிக்கு இருக்கும், மனைவி மேல் உங்களுக்கு இருக்கும்.

இரண்டாவது, எந்த நாடு. இதில்தான் மிகுந்த எடை. அமெரிக்க ரகசியங்களைத் திருட ஆள் வைத்து வேலை செய்யும் அரசா, தன் மக்களையே சட்டமில்லாமல் பிடித்து உள்ளே போடும் அரசா, தீவிரவாதக் குழுக்கள் நடமாடும் இடமா என்று பார்ப்பார்கள். சீனா, ரஷ்யா, ஈரான் என்றால் விண்ணப்பதாரரின் சுமை மிகவும் கூடும். அதற்காக நட்பு நாடு என்றால் கேள்வியே இல்லை என்று பொருளில்லை. கடற்படை உளவுப் பிரிவில் இருந்த ஜோனதன் பொல்லார்ட் 1985இல் பிடிபட்டது இஸ்ரேலுக்காக ஒற்றாடியதற்கு. அமெரிக்காவுக்கு அதைவிட நெருங்கிய நாடு எது?

இந்தியா நடுவில் எங்கோ நிற்கிறது. 2016இல் அமெரிக்கா இந்தியாவை முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி என்று அறிவித்தது. மக்களாட்சி, நீதிமன்றம் எல்லாம் உண்டு. அதே சமயம் தொழில்நுட்பக் கசிவு, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு மீறல், காஷ்மீர் வன்முறை எல்லாம் அரசுத் தரப்பு வாதத்தில் எடுத்து வைக்கப்படும். இந்தியாவில் பெற்றோர் இருக்கும் விண்ணப்பதாரர்களின் தீர்ப்புகளைப் புரட்டிப் பார்த்தால் கிளியரன்ஸ் கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. நாட்டின் பெயரே முடிவைச் சொல்லிவிடுவதில்லை என்பது இந்தியாவைப் பொறுத்தவரை உண்மைதான்.

மூன்றாவது, அந்த உறவினர் என்ன செய்கிறார். நம் திருநெல்வேலிக்காரரின் அப்பா மின்வாரிய ஓய்வூதியம் வாங்குகிறார். அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். தம்பி விஷயம் அப்படியில்லை. மத்திய அரசு ஊழியர், அதுவும் ராக்கெட் எஞ்சின். அண்ணன் போடும் கிளவுட் அமைப்பு ஏதாவது விண்வெளித் திட்டத்துக்கு என்றால், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் இருவரும் வேலையைப் பற்றிப் பேசுவதுண்டா, தம்பிக்கு அண்ணன் எங்கே வேலை செய்கிறார் என்று தெரியுமா, தம்பியின் மேலதிகாரிக்குத் தெரியுமா என்று கேள்வி நீளும். "அவன் என்ன பண்றான்னு எனக்கே தெரியாது, சாப்பிட்டியான்னு மட்டும்தான் பேசுவோம்" என்பது உண்மையாக இருந்தால் நல்ல பதில்தான். அதற்கு மேல் விளக்கி மெழுக வேண்டியதில்லை.

தராசின் மறுதட்டு

பி தலைப்பின் கீழ் 'தகுதியிழக்கச் செய்பவை' எழுதியிருப்பது போலவே 'தணிப்பவை' என்றும் எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் விண்ணப்பதாரர்கள் அதிகம் பிடித்துக்கொள்வது ஒன்றை: அமெரிக்காவில் இவருக்கு ஆழமான, நெடுங்கால வேர்கள் உண்டு, இரண்டு பக்கமும் இழுபறி வந்தால் அமெரிக்காவின் பக்கமே நிற்பார் என்று எதிர்பார்க்கலாம் என்ற தணிப்பு. வந்து எத்தனை வருடம், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள், எங்கே படிக்கிறார்கள், வீடு சொந்தமா, ஊர்க்காரியங்களில் பங்கு உண்டா, மேலதிகாரிகள் என்ன சொல்கிறார்கள் என்று இவையெல்லாம் இதில் சேரும். ஆறு வருடத்துக்கு முன் வந்தவருக்கும் இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்தவருக்கும் ஒரே சொந்தம், ஒரே ஊர் என்றாலும் முடிவு வேறாகலாம்.

சொத்துக் கணக்கு இதைவிட எளிது. ஊர்ச் சொத்தையும் இங்குள்ள சொத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நம் ஆளுக்கு ஊர் நிலமும் கணக்கும் சேர்த்து 60,000 டாலர், இங்கே வீடு, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் சேர்த்து 9 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டி இவரை வளைக்க முடியாது என்று சொல்லிவிடலாம். தலைகீழாக இருந்து, இங்கே வாடகை வீடும் கடன் அட்டைப் பாக்கியும், அங்கே நான்கு அடுக்கு வணிகக் கட்டடமும் என்றால் அதிகாரி முகம் சுளிப்பார். சொத்தை விற்றுவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். அப்பா உழுத நிலத்தை இதற்காக அவசரப்பட்டு விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாஸ்போர்ட் விஷயம் சி தலைப்பில் வருவது. ஒரு வார்த்தை மட்டும். முன்பெல்லாம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தால்தான் பேச்சே என்ற நிலை இருந்தது. 2017க்குப் பிறகு இரட்டைக் குடியுரிமை இருப்பதாலேயே யாரையும் தள்ளுவதில்லை, மறைத்தால் தள்ளுவார்கள். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது, ஓசிஐ அட்டை குடியுரிமையும் ஆகாது. இலங்கைச் சட்டத்தில் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை வாங்க வழியுண்டு. வாங்கியவர்கள் அதை எழுத வேண்டும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இல் வெளிநாட்டுத் தீவிரவாத அமைப்புப் பட்டியலில் சேர்த்தது. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் சொத்துகளை அமெரிக்கக் கருவூலத் துறை 2007 நவம்பரில் முடக்கியது. போர்க்காலத்தில் கோயில் வாசலில் உண்டியலில் காசு போட்டவர்கள், இயக்கத்தில் இருந்த அண்ணனோ மைத்துனரோ உள்ளவர்கள் பலர். படிவத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும், கிளியரன்ஸ் வழக்கு தெரிந்த வழக்கறிஞரிடம் பேசாமல் பேனாவைத் தொடாதீர்கள் என்பேன்.

மறைத்தால்

கிளியரன்ஸ் மறுக்கப்பட்ட பல கதைகளில் சொந்தம் ஒரு பங்கு, மறைத்தது மறு பங்கு. தம்பி இஸ்ரோவில் இருப்பதை 'தனியார் நிறுவனம்' என்று எழுதினால், பி தலைப்பில் தப்பிக்கக்கூடிய ஒரு விஷயம் இ தலைப்பில், அதாவது நடத்தை, நேர்மை என்ற தலைப்பில், போய் மாட்டும். அங்கிருந்து மீள்வது கடினம். படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. மறைத்த ரகசியமே மிரட்டுபவன் கையில் இன்னொரு ஆயுதம் ஆகிவிடும் என்பதையும் அதிகாரி யோசிப்பார். மறந்துபோய் விட்டது என்றால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நாமாகச் சொல்லித் திருத்துவதற்கு மதிப்பு உண்டு.

இத்தனை விவரத்தையும் ஓரிடத்தில் குவித்து வைப்பதில் ஒரு கேலிக்கூத்தும் நடந்தது. 2015இல், அப்போது பின்புல விசாரணைகளைக் கையாண்ட அரசுப் பணியாளர் அலுவலகத்தின் கணினிகளில் யாரோ புகுந்து 2.15 கோடிப் பேரின் கோப்புகளை அள்ளிப்போயிருந்தது தெரியவந்தது. முதல் சந்தேகம் சீனா மேல்தான் என்று அன்றைய தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் பேசினார். யாருக்கு எந்த நாட்டில் அக்கா, யாருக்கு எங்கே மாமியார் என்று அரசே தொகுத்துக் கொடுத்தது போல ஆயிற்று.

மறுத்தால்

படிவத்துக்குப் பிறகு டாப் சீக்ரெட் என்றால் விசாரணை அதிகாரி நேரில் உட்கார்ந்து பேசுவார். சீக்ரெட்டிலும் சந்தேகம் எழுந்தால் பேசுவார். அதற்கு மேலும் திருப்தி இல்லை என்றால் காரணங்களை வரிசைப்படுத்தி ஓர் ஓலை வரும். "உங்கள் தம்பி இந்தியாவின் குடிமகன், அங்கே வசிக்கிறார், மத்திய அரசில் பணிபுரிகிறார்" என்று ஒவ்வொரு விஷயமும் எண் போட்டு இருக்கும். தனியார் ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் 20 நாளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று பதில் எழுத வேண்டும். விசாரணை கேட்டால் 'டோஹா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்தின் நீதிபதி முன் போய்ப் பேசலாம்; சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். தோற்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். முழுக்கத் தோற்றாலும் ஒரு வருடம் கழித்து மறுபடி முயலலாம்.

இங்கே ஒன்றை உணர்ந்துகொள்ள வேண்டும். குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இதில் தலைகீழ்: சந்தேகம் இருந்தால் தேசப் பாதுகாப்பின் பக்கம் தீர்க்க வேண்டும் என்பதுதான் விதி. 1988இல் கடற்படைக்கும் ஈகனுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு சொந்தபந்தம் பற்றியதில்லை. ஆனால் அதன் நிழல் எல்லா வழக்குகளின் மேலும் விழுகிறது.

டோஹா தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் போடுகிறார்கள். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தம் நாட்டைப் பற்றிய தீர்ப்புகளில் ஒரு பத்தைப் படித்தால், இந்தக் கட்டுரையைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளலாம். யார் வீட்டுக் கதை என்று தெரியாமலே அவர்கள் மாமனார் ஓய்வூதியம் வரைக்கும் தெரிந்துவிடும்.

இது சரியான அளவுகோல்தானா?

பெரிய ஒற்றர்களின் பட்டியலைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்கிறது. எஃப்பிஐயில் இருந்துகொண்டே ரஷ்யாவுக்கு விற்று 2001இல் பிடிபட்ட ராபர்ட் ஹான்சன் சிகாகோவில் பிறந்தவர். அவரைத் தூண்டியது பணம். அதே ஆண்டு பிடிபட்ட ஆனா மாண்டெஸ் கியூபாவுக்கு வேலை செய்தார். அவருக்குக் கியூபாவில் சொந்தம் கிடையாது, அமெரிக்காவின் மேல் கோபம்தான் இருந்தது. கூடப்பிறந்தவர்களோ எஃப்பிஐயில் வேலை பார்த்தார்கள். பி-2 குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சின் பகுதியை வடிவமைத்தவர்களில் ஒருவரான நோஷிர் கோவாடியா மும்பையில் பிறந்தவர். அவர் ரகசியத்தை விற்றது சீனாவுக்கு, பிறந்த நாட்டுக்கில்லை. ஹவாயில் வாங்கிய மாளிகையின் கடன் கழுத்தை நெரித்தது. 2011இல் 32 ஆண்டு தண்டனை. மூவரில் ஒருவர் விஷயத்திலும் ஊரில் இருந்த அம்மா காரணமில்லை. என் கருத்தில், கடனையும் கசப்பையும் கூர்ந்து பார்ப்பது மாமியாரைப் பார்ப்பதைவிட அதிகம் பலன் தரும்.

அரசுக்கே இதில் ஒரு தவிப்பு உண்டு. அரபியும் பாரசீகமும் சீனமும் தாய்மொழி போலப் பேசுபவர் வேண்டும். அப்படிப் பேசுபவருக்கு அந்த நாட்டில் அத்தை இருப்பாள். 2008 வரை உச்சநிலை உளவுத் தகவல்களைப் பார்க்க நெருங்கிய குடும்பத்தாரும் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. விலக்கு வாங்கித்தான் தாண்ட முடியும். அந்த ஆண்டு வந்த புதிய உத்தரவு அதைத் தளர்த்தி, ஆபத்தை ஆளுக்கு ஆள் எடைபோடச் சொன்னது. வெளியுறவுத் துறையில் வேறொரு பழக்கம் இருந்தது: கிளியரன்ஸைக் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட நாட்டைப் பற்றி மட்டும் வேலை செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பாஸ்டனில் பிறந்த கொரிய வம்சாவளியினரான ஆண்டி கிம் அங்கே பணியில் இருந்தபோது, கொரிய விவகாரத்தில் வேலை கேட்காமலே, அதில் பணிபுரியத் தடை என்று கடிதம் வந்ததைப் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகச் சொல்லிப் போராடினார். 2023 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி பிளிங்கன், நடப்பில் இருந்த அத்தகைய கட்டுப்பாடுகள் அனைத்தையும் நீக்குவதாக அறிவித்தார்.

கிடைத்த பிறகு

கிளியரன்ஸ் கிடைத்ததும் இந்தப் பேச்சு முடிவதில்லை. 2017 ஜூன் முதல் எஸ்.இ.ஏ.டி. 3 என்ற உத்தரவும் இருக்கிறது. வெளிநாட்டவரோடு நெருங்கிய தொடர்பு புதிதாக ஏற்பட்டால் சொல்ல வேண்டும். வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்தாலோ, ஒரே வீட்டில் குடிவைத்தாலோ சொல்ல வேண்டும். மாமியார் ஆறு மாதம் வந்து தங்கினாலும், சொல்ல வேண்டுமா என்று நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டுவிடுவது நல்லது. தம்பிக்கு இஸ்ரோவிலிருந்து ராணுவ ஆராய்ச்சிக் கூடத்துக்கு மாற்றல் ஆனால் அதையும் அவர் காதில் போட்டுவையுங்கள்.

சொந்த விஷயமாக வெளிநாடு போவதற்கும் முன் அனுமதி வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்குப் போவதென்றால் தேதி, ஊர், தங்குமிடம், பாஸ்போர்ட் விவரம் எல்லாம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம். வழியில் துபாயில் இரண்டு நாள் நிற்பதாக இருந்தால் அதுவும் சேர்த்து. நள்ளிரவில் "அப்பாவுக்கு முடியலை, கிளம்பி வா" என்று போன் வந்தால் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். முடிந்தால் கிளம்பும் முன் மேலதிகாரிக்கு வாய்மொழியாகச் சொன்னால் போதும். திரும்பி வந்ததும் 5 வேலை நாளுக்குள் முழு விவரத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.